ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது?

பழைய அம்பாசிடர் நிற்கும் வீடுகளில் காலையில் கேட்கும் முதல் கேள்வி, “ஆயில், தண்ணி பாத்தாச்சா?” என்பதுதான். ஆயில் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் தினமும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவதும் எப்படியோ பராமரிப்புக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மூடிய சுற்றுக்குள் ஓட வேண்டிய நீர் நாள்தோறும் குறைகிறது என்றால் பெரும்பாலும் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது. வெளியே போகும் நீரால் வரும் கெடுதல் கொஞ்சம்தான். அதற்கு ஈடாக நாம் ஊற்றும் நீர்தான் எஞ்சினை உள்ளிருந்து அடைக்கிறது. ரேடியேட்டரையும் ஹோஸ்களையும் மாற்றும் வேலையில் இறங்கும் முன் இதைப் புரிந்துகொள்வது நல்லது. ஹோஸைத் தனி வேலையாகவும் ரேடியேட்டரைத் தனி வேலையாகவும் பார்ப்பவர்கள் இரண்டையும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள்.

முதலில் இந்தக் கார் எந்த ஊர் வெயிலுக்குப் பிறந்தது என்று பார்ப்போம். அம்பாசிடரின் மூலம், 1956இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் கார். அதன் அச்சுகளை வாங்கி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. 2014 வரை அந்த ஆலையில் அம்பாசிடர் உருவானது. நீண்ட காலம் அதைச் சுமந்தது 1489 சிசி கொள்ளளவுள்ள, பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி’ வரிசை பெட்ரோல் எஞ்சின். இந்த அத்தியாயத்தில் நாம் பேசப்போவதும் அந்த எஞ்சினைப் பற்றித்தான்.

ஒரு ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது, உள்ளே ஓடும் நீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வேறுபாடு பாதியானால் வெளியேறும் வெப்பமும் பாதியாகும். நீர் 90 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸ்ஃபோர்டின் 20 டிகிரிக் கோடைப் பகலில் வேறுபாடு 70. வேலூரில் மே மாதம் 42 டிகிரி அடிக்கும்போது வேறுபாடு வெறும் 48. அதே ரேடியேட்டர், அதே காற்றாடி, அதே வேகம். ஆனால் வெப்பத்தை வெளியேற்றும் திறனில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விட்டது. அம்பாசிடரின் ரேடியேட்டர் புதிதாக இருந்தபோது இந்த இழப்பைத் தாங்கிக்கொண்டது. நாற்பது வருடத் துருவும் உப்பும் படிந்த ரேடியேட்டருக்கு அந்தத் தாராளம் இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது நிலைமை இன்னும் மோசம்: எஞ்சின் முழு மூச்சாக உழைக்கும், காரோ இரண்டாம் கியரில் ஊர்ந்துபோகும், முகப்பில் மோதும் காற்று மிகக் குறைவு.

பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சில வேளைகளில் அதற்கும் குறைவு, சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மீதி பெரும்பாலும் எஞ்சினின் இரும்புக்குள் இறங்கி நீரில் சேர்கிறது. அப்படிச் சேரும் வெப்பம் 15 கிலோவாட் என்று எடுத்துக்கொள்வோம். நீர் பம்ப், அதாவது மெக்கானிக்குகள் மொழியில் வாட்டர் பாடி, வினாடிக்கு அரை லிட்டர் நீரைத் தள்ளினால், அந்த நீர் ரேடியேட்டருக்குள் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் இடையே ஏறக்குறைய 7 டிகிரி இறங்கினால் போதும். ஆனால் அதே வெப்பத்தைக் காற்று வாங்கிக்கொள்ள வேண்டுமே? காற்று 25 டிகிரி சூடேறி வெளியேறுவதாக வைத்தாலும் வினாடிக்கு சுமார் 500 லிட்டர் காற்று ரேடியேட்டரைக் கடக்க வேண்டும். கன அளவுக்குக் கன அளவு, காற்றைவிட நீர் மூவாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சுமக்கும் என்பதன் விளைவு இது.

ஆகவே ரேடியேட்டரின் உண்மையான சிக்கல் காற்றுப் பக்கத்தில்தான். வெப்பம் நீரிலிருந்து உலோகத்துக்கு எளிதாகத் தாவுகிறது, உலோகத்தைக் கடந்துவிடுகிறது, உலோகத்திலிருந்து காற்றுக்குப் போகத்தான் திணறுகிறது. அதனால்தான் காற்றுப்படும் பரப்பை முடிந்தவரை பெருக்கினார்கள். வில்ஹெல்ம் மேபாக் 1900இல் டெய்ம்லர் நிறுவனத்துக்காக உருவாக்கிய தேன்கூட்டு ரேடியேட்டரில் 6 மி.மீ. சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. முதல் மெர்சிடிஸ் கார் அதைப் பூட்டிக்கொண்டுதான் 1901இல் நீஸ் நகரப் பந்தயங்களில் வென்றது. முந்தைய கார்கள் சில தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக்கியே எஞ்சினைக் குளிர்வித்தன. கார்ல் பென்ஸின் முதல் வண்டி அப்படித்தான் ஓடியது. அடிக்கடி தண்ணீர் கேட்கும் கார் என்பது அந்தக் காலத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அம்பாசிடர் ரேடியேட்டரின் நடுப்பகுதியான கோரில் செங்குத்தான பித்தளை டியூப்களும், அவற்றுக்கிடையே மடித்துச் செருகிய செம்புத் தகடுகளும் உண்டு. எல்லாவற்றையும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று இணைக்கிறது. ஃபின் எனப்படும் அந்தச் செம்புத் தகடுகள்தான் காற்றோடு கைகுலுக்குபவை. கடற்கரை ஊர்களில் நின்ற காரின் ஃபின்னை விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள். பச்சைத்தூள் உதிர்ந்தாலோ, தகடு டியூபை விட்டு விலகி ஆடினாலோ அந்த ரேடியேட்டரை உள்ளே எவ்வளவு சுத்தம் செய்தாலும் பயனில்லை. உலோகத் தொடர்பு அறுந்த தகடு வெறும் அலங்காரம்.

இனி வேலை. கார் முழுவதும் ஆறிய பிறகு, அதாவது ரேடியேட்டரின் மேல் டாங்க்கைக் கையால் தொட்டால் சூடே தெரியாத நிலையில்தான் மூடியைத் திறக்க வேண்டும். இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதைக் கணக்கே சொல்லும். மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, பிரஷர் குக்கர் செய்வதைப் போலவே கொதிநிலையை உயர்த்துகிறது. 7 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) மூடி போட்டிருந்தால் வெறும் தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரி வரை கொதிக்காது. அந்த நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரு நொடியில் சரிகிறது; 111 டிகிரி நீரால் திரவமாக நீடிக்க முடியாது. எட்டு லிட்டர் நீரில் வெறும் 2 சதவீதம்தான் நீராவியாகும். ஆனால் அந்த 2 சதவீதம் ஏறக்குறைய 275 லிட்டர் நீராவி. அது மீதிக் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு முகத்துக்குத்தான் வரும்.

கீழ் டாங்க்கிலுள்ள திருகைத் திறந்தால் ரேடியேட்டர் வடியும். எஞ்சின் பிளாக்கிலும் ஒரு திருகு உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அல்லது அது துருவில் இறுகிக் கிடக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். சேறு அதிகம் தங்குவது அங்கேதான். திருகைக் கழற்றியும் நீர் வரவில்லை என்றால் துளையைக் கம்பியால் குத்திவிட வேண்டும். காபிக் கொட்டைப் பொடி நிறத்தில் குழம்பு இறங்கும். வடிவதைப் பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து மூடிவைக்க வேண்டும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. உடலுக்குள் அது ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்களாகப் படிகிறது. தெருவில் தேங்கிய சிறு குட்டையை நக்கிய நாய் செத்துப்போக அது போதும்.

அடுத்தது ஹோஸ்கள். மேல் ஹோஸ், எஞ்சின் தலையின் முன்பக்கம் தெர்மோஸ்டாட் கூட்டிலிருந்து மேல் டாங்க்குக்குப் போகிறது. கீழ் ஹோஸ், கீழ் டாங்க்கிலிருந்து வாட்டர் பாடிக்கு வருகிறது. இரண்டும் ஒரே ரப்பர்தான் என்றாலும் இரண்டின் வாழ்க்கையும் வேறு. மேல் ஹோஸ் மிகச் சூடான நீரை அழுத்தத்தில் சுமக்கிறது. அது வெளிப்பக்கம் உப்பும், வெடிக்கும். கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. ரப்பர் தளர்ந்துவிட்டால் அது உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஐடிலில் கார் நிற்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். எஞ்சின் வேகமெடுக்கும்போது, அதாவது நீர் மிகவும் தேவைப்படும் நேரத்தில், ஹோஸ் சப்பையாகி ஓட்டத்தை அடைக்கும். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் காற்றாடிக்கு எட்டாத தூரத்தில் நின்று கீழ் ஹோஸைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். “நின்னா ஹீட் ஆகல, ஓடினாத்தான் ஹீட் ஆகுது” என்று சொல்லப்படும் கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கழற்றிய பழைய ஹோஸைத் தூக்கி எறியாமல், கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். மூன்று அடுக்குகள் தெரியும்: உள்ளே ரப்பர், நடுவில் பின்னிய நூல், வெளியே மறுபடி ரப்பர். வெளிப்புறம் பளபளவென்று புதிதுபோல இருக்கும் ஹோஸ்களிலும், கிளிப் கடித்த இடத்திலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்துக்கு உள்சுவரில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடியிருக்கும். இது வெறும் முதுமை மட்டுமன்று, மின்வேதியியல். ரப்பரைக் கறுப்பாக்கி வலுவூட்டும் கார்பன் தூள் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். ஒருபுறம் இரும்பு எஞ்சின், மறுபுறம் பித்தளை டாங்க், நடுவே உப்புகள் கரைந்த நீர், அதைச் சுற்றிலும் கார்பன் நிறைந்த ரப்பர். பேட்டரி உருவாக இதைவிட என்ன வேண்டும்? அந்த நுண்ணிய மின்னோட்டம் ரப்பரின் உள்சுவரைக் கீறுகிறது. கீறல் வழியே நீர் கசிந்து நூலை நனைக்கிறது. நூல் இற்றதும் ஹோஸ் ஒருநாள் திடீரென்று பிளக்கிறது.

அதனால் ஹோஸை வெளியே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எஞ்சின் ஆறிய பிறகு, நடுவில் ஒருமுறையும், கிளிப்பை ஒட்டிய நுனியில் ஒருமுறையும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அழுத்த வேண்டும். நடு உறுதியாக இருந்து, நுனி மட்டும் தளர்ந்தோ, உள்ளே வாய்க்கால் வெட்டியதுபோல நெருடியோ இருந்தால் அந்த ஹோஸின் காலம் முடிந்துவிட்டது.

புதிய ஹோஸை ஈ.பி.டி.எம். ரப்பரில் வாங்குங்கள். சூட்டையும் கூலன்ட்டையும் நன்கு தாங்கும் இந்த ரப்பருக்கு எண்ணெய்தான் எதிரி; எஞ்சின் ஆயில் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். டாங்க் வாயில் ஹோஸ் ஏற மறுக்கும்போது கிரீஸைத் தடவுவது நம் பட்டறைகளில் சாதாரணம். அது தவறு, சோப்புத் தண்ணீர் போதும், கூலன்ட்டே கூடப் போதும். ஏற்றுவதற்கு முன் வாயிலுள்ள பழைய ரப்பர்த் துணுக்கையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். கசிவில் பாதி ஹோஸின் குற்றமே அல்ல, சொரசொரத்த வாயின் குற்றம். கிளிப்பை, வாயின் விளிம்பிலுள்ள மேட்டுக்கு அப்பால் தள்ளிப் பூட்ட வேண்டும். திருகினால் இறுகும் இந்த எளிய கிளிப்பை, பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிய லம்லி ராபின்சன் 1921இல் காப்புரிமை பெற்று உலகுக்குத் தந்தார். நூறாண்டு கழித்தும் அதைவிட எளிமையான பதில் கிடைக்கவில்லை. ஆனால் வேகத்தில் முறுக்கினால் பட்டை ரப்பருக்குள் கடித்து இறங்கிவிடும்.

ரேடியேட்டரை என்ன செய்வது? ஆணிகளைக் கழற்றி வெளியே எடுத்து, வேலை தெரிந்த ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோனால், அவர் பற்றை உருக்கி மேல் டாங்க்கை மட்டும் தனியே கழற்றுவார். அந்தக் கணத்தில் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒழுங்காக வரிசையிட்ட தட்டையான டியூப் வாய்கள் தெரிய வேண்டும். தெரிவது பெரும்பாலும் துருவின் செம்பழுப்பும் சுண்ணாம்பின் வெண்மையும் கலந்த மேலோடு. சில வாய்கள் அடியோடு மூடிக் கிடக்கும். தட்டையான இரும்புக் கம்பியை ஒவ்வொரு டியூபிலும் விட்டுக் குத்தி எடுப்பார். கம்பி இறங்காத டியூப்கள் கணிசமாக இருந்தாலோ ஃபின்கள் உதிர்ந்தாலோ கோரையே மாற்ற வேண்டும். பழைய டாங்க்குகளை வைத்துக்கொண்டு புதிய கோரைப் பற்றவைப்பதுதான் என் தேர்வு.

செம்புக்குப் பதில் அலுமினிய ரேடியேட்டர் பூட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தை எளிதில் மிஞ்சும். ஆனாலும் அலுமினிய ரேடியேட்டர் நன்றாகவே குளிர்விக்கும். அகலமான டியூப்களும், ஈயப்பற்று இல்லாமல் நேரடியாகப் பிணைந்த ஃபின்களும் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. எடையும் குறைவு. இருந்தும் பழைய காருக்கு நான் செம்பு–பித்தளையையே பரிந்துரைப்பேன். எந்தச் சிற்றூரிலும் ஒரு பற்றுக்கோலும் ஈயமும் இருந்தால் அதைச் சரிசெய்துவிடலாம். அலுமினியம் விரிசல் விட்டால் அந்த வசதி இல்லை.

இப்போது அந்த வெண்மேலோடு எப்படி வந்தது என்ற கேள்விக்கு வருவோம். போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடாக்கினால் அது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மிகச் சூடான இடத்தில், அதாவது எஞ்சின் தலையில் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி, அது முதலில் படிகிறது. வெப்பத்தைத் தடுப்பதில் ஒரு மில்லிமீட்டர்ப் படிவு பல சென்டிமீட்டர் கனமுள்ள பித்தளைக்குச் சமம். ஒருமுறை நிரப்பிய எட்டு லிட்டரில் உள்ள சுண்ணாம்பு ஒரு சிட்டிகைதான். படிந்தபின் மேலும் படிய ஒன்றுமில்லை. தினமும் ஊற்றும்போதுதான் தினமும் ஒரு சிட்டிகை வந்து சேர்கிறது. கூடவே கரைந்த ஆக்சிஜனும் வருகிறது; அது இரும்பைத் துருவாக்குகிறது. பழைய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் துருப்பிடிப்பது மந்தமாகும். புதிய சொம்பு அதை மறுபடி எழுப்பிவிடுகிறது. மேல் ஹோஸின் நுனியில் ஒரு துளி கசிவு, சில ஆண்டுகளில் ரேடியேட்டர் அடைப்பாக முடிவது இந்த வழியில்தான்.

கசிவே இல்லாத கார்களிலும் இந்தப் பழக்கம் தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்கிறது. 30 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குச் சூடேறும்போது நீர் ஏறக்குறைய 3 சதவீதம் விரிகிறது. எட்டு லிட்டரில் அது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மிகுதியைப் பிடித்துவைக்கத் தனிப் பாட்டில் இல்லாத பழைய ரேடியேட்டரில், விரிந்த நீர் வழிகுழாய் மூலம் தரையில் கொட்டிவிடும். காலையில் விளிம்பு வரை ஊற்றினால் மதியத்துக்குள் ஒரு டம்ளர் வெளியே போயிருக்கும். மறுநாள் காலையில் மட்டம் குறைந்திருக்கிறதே என்று மறுபடி விளிம்பு வரை ஊற்றுவார்கள். கழுத்துக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டால் போதும். அதற்குமேல் அந்தக் காருக்கு நீர் தேவையில்லை.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போதே தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும். “அந்த வால்வைக் கழட்டிப் போட்டுடுங்க சார், ஹீட்டே ஆகாது” என்ற ஆலோசனை தமிழ்நாடு முழுவதும் புழங்குகிறது. இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். செர்ஜியஸ் வெர்னே 1930களில் வடிவமைத்த மெழுகுத் தெர்மோஸ்டாட், மெழுகு உருகும்போது கன அளவில் பெருகும் என்ற ஒரே உண்மையை நம்பி, மின்சாரமோ பற்சக்கரமோ இல்லாமல் வேலை செய்கிறது. 82 டிகிரி என்று அதில் பொறித்திருந்தால் அந்தச் சூட்டில் அது திறக்கத் தொடங்கும். அதைக் கழற்றினால் எஞ்சின் சூடேற நெடுநேரம் எடுக்கும். குளிர்ந்த சிலிண்டரில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சுவரில் ஒழுகி, ஆயில் படலத்தைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும். வால்வு இல்லாவிட்டால் நீர் மிக வேகமாக ஓடி, ரேடியேட்டரில் வெப்பத்தை விட நேரமில்லாமல் போகும் என்றும் சிலர் சொல்வார்கள். அந்தக் காரணம் தவறு. ஓட்டம் கூடினால் வெப்பப் பரிமாற்றம் கூடுமே தவிரக் குறையாது. வால்வைக் கழற்றியதும் ஹீட் குறைந்தது என்றால், ஒன்று பழைய வால்வு திறக்காமல் சிக்கியிருந்தது, இல்லையென்றால் அடைபட்ட ரேடியேட்டரின் குறையைக் கூடிய ஓட்டம் சில காலம் மறைக்கிறது. புதியதைப் பூட்டும் முன் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானியோடு சூடாக்கி, திறப்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மூடியையும் புதிதாக வாங்குங்கள், ஆனால் அதே பவுண்டில். 15 பவுண்டு மூடி கொதிநிலையை 120 டிகிரிக்கு உயர்த்துமே என்ற ஆசை வரும். பழைய பற்று மூட்டுகளும் பழைய வாட்டர் பாடி சீலும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

நிரப்புவதற்கு போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டாம். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரில், மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் சேர்த்தால் நம் சமவெளிக்குப் போதும். உறைபனி இல்லாத ஊரில் கூலன்ட்டின் வேலை துருவைத் தடுப்பதும் கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துவதும்தான். பாதிக்குப் பாதி கலந்தால் வெப்பத்தைச் சுமக்கும் திறன் வெறும் நீரைவிடக் குறைந்துவிடும். பச்சை, சிவப்பு என்று நிறத்தை நம்பாதீர்கள். அது சாயம் மட்டுமே. செம்பு, பித்தளை, ஈயப்பற்றுக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

காரின் முகப்பைச் சற்று உயர்த்தி நிறுத்தி, மெதுவாக ஊற்ற வேண்டும். எஞ்சின் தலையில் காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடத்து இரும்பை நீர் தொடாது. தெர்மோஸ்டாட் தட்டில் சிறு துளை இருந்தால் அது மேற்புறம் வரும்படி பூட்டுவது இந்தக் காற்று வெளியேறத்தான். மூடியைத் திறந்தே வைத்து ஐடிலில் ஓடவிடுங்கள். மேல் ஹோஸைத் தொட்டபடி இருந்தால், வெகுநேரம் வெதுவெதுப்பாக இருந்துவிட்டுச் சட்டென்று சுடும், வால்வு திறந்துவிட்டது. அப்போது மட்டம் ஒருமுறை இறங்கும், குமிழிகள் வரும். நிரப்பி மூடிவிடலாம்.

இரண்டு மூன்று முறை ஓட்டி ஆறவிட்ட பிறகு கிளிப்களை மறுபடி அரைச் சுற்று முறுக்க வேண்டும். சூட்டில் அழுந்திய புதிய ரப்பர் கொஞ்சம் கனம் குறைந்திருக்கும். பிறகு கழுத்துக்குள் நீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, குளிர்ந்த காலைகளில் பாருங்கள், ஊற்றாதீர்கள். ஒரு மாதத்தில் மட்டம் இறங்காவிட்டால் வேலை முடிந்தது. இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால், வாட்டர் பாடியின் அடியிலுள்ள சிறு துளையைத் தடவிப் பாருங்கள். அங்கே கறை இருந்தால் சீல் போய்விட்டது. அதுவும் உலர்ந்திருந்தால் டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தாலோ, ஓடும் எஞ்சினில் ரேடியேட்டர் கழுத்தில் விடாமல் குமிழி வந்தாலோ எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் வழியே நீர் போகிறது. அடுத்து இறக்க வேண்டியது எஞ்சின் தலை.